இரும்பு விலையில் ஒரு திருட்டு

திருட்டுக் கொடுத்தவர்கள் அழுவது புதிதல்ல. ஆனால் பழைய இரும்பைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி ஒரு மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைக் கடுகு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

கடுகு என்பது மேடம் அவனுக்கு வைத்த பெயர். லேசாகச் சூடு பட்டாலே வெடிப்பான் என்பதால். மேடம் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிட்டவர். கடை எரிந்ததும், கடையில் என்றைக்குமே இல்லாத சரக்கெல்லாம் சேர்ந்து எரிந்ததாகச் சத்தியம் செய்த பெரிய மனிதர்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். கடுகு அவருடைய உதவியாளன். சம்பளம் சுமார், வாய் மட்டும் ஏராளம்.

அழுதுகொண்டிருந்தவர் பழைய இரும்புக் கடை முதலாளி. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு காந்தம். வருகிற சரக்கையெல்லாம் அதைக் கொண்டு தொட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வார். கடைவீதி முழுக்க அவரைக் காந்தம் என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் மேடத்தைக் கூப்பிட்டது அவரில்லை. அவருடைய மனைவி. புருஷனை அழவிட்டுவிட்டு, மேடத்தின் கையைப் பிடித்துத் தகர ஷெட்டின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மேடம், என் தம்பி திருடல. அவன் வயர்மேன். இரும்புக் கட்டிங்க காணாமப்போன இடத்துல ஒரு செம்புக்கம்பிச் சுருள் கிடந்துச்சாம். கம்பின்னா வயர்மேன்தானேன்னு இவரு அவன் பேரைப் போட்டுப் புகார் எழுதிக் கொடுத்துட்டாரு. கட்டின பொண்டாட்டியோட தம்பியாச்சேன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல."

"இப்ப தம்பி எங்கே?"

"லாக்கப்புல. சாயந்திரம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம். அங்கிருந்து நேரா ஜெயிலுதான். ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனை எந்த வீட்டுல மேடம் உள்ளே விட்டு வயர் இழுக்கச் சொல்லுவாங்க? அவன் பொழைப்பே போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் ஜெயிலுக்குப் போனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"தம்பி என்ன சொல்றாரு?"

"அதான் மேடம் வயித்தெரிச்சல். வாயே திறக்க மாட்டேங்கிறான். எடுத்தேன்னும் சொல்லல, எடுக்கலைன்னும் சொல்லல."

"நல்லதுதான்க்கா," என்றான் கடுகு. "லாக்கப்புல பேசுறவங்களைத்தான் காப்பாத்த முடியாது."

மேடம் அவனை ஒரு பார்வை பார்த்தார். கடுகு வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

முற்றத்தில் சரக்கு குவியல் குவியலாகக் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியப் பாத்திரங்கள், ஒரு பக்கம் கழுத்தொடிந்த பித்தளைக் குழாய்கள், பழைய பேட்டரிகளிலிருந்து எடுத்த ஈயம். செம்பு மட்டும் கம்பிக் கூண்டுக்குள், பூட்டுக்குள். இரும்புக்கு வானமே கூரை. வாசலில் ஒரு கரும்பலகையில் அன்றைய விலை எழுதியிருந்தது. செம்பு உச்சியில். இரும்பு அடியில், கரும்பலகையிலிருந்து கீழே விழுந்துவிடும் போல இருந்தது.

"எல்லாமே உடைசல்தானே முதலாளி," என்றான் கடுகு. "இதுல என்ன முதல் வகுப்பு, மூணாம் வகுப்பு? செம்பு ஒரு கிலோவுக்கு இருக்கிற விலையில இருபத்தஞ்சு கிலோ இரும்பு வாங்கலாம் போலிருக்கே!"

காந்தத்தின் அழுகை குழாயைத் திருகி அடைத்தாற்போல நின்றது. தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குத் துக்கம் மறந்துவிடும்.

"தம்பி, இரும்பு எங்கே தோண்டினாலும் கிடைக்கும். ஒரு மழையைப் பார்த்தா துருப்பிடிச்சுப் பாதி மண்ணாப் போயிடும். அதுக்கு எவன் மரியாதை கொடுப்பான்? செம்பு அப்படியா? கொஞ்ச இடத்துலதான் கிடைக்கும், கரண்ட்டு ஓடணும்னா அது வேணும், எத்தனை தடவை உருக்கினாலும் புதுசு மாதிரியே வரும். உலகம் பூரா அதுக்குத்தான் அடிச்சுக்குது. அலுமினியத்தைப் புதுசா எடுக்கணும்னா எக்கச்சக்கமா கரண்ட்டு செலவாகும், அதனால பழசுக்கும் கிராக்கி. அந்த செம்புலேயே தரம் வேற இருக்கு. கத்தியால ரப்பரை உரிச்சு எடுத்த கம்பி பளபளன்னு இருக்கும், அது முதல் தரம். சோம்பேறிப் பசங்க வயரை நெருப்புல போட்டு எரிச்சு எடுப்பானுங்க, கருத்துப் போயிடும். அது ரெண்டாம் தரம், விலை இறங்கிடும்."

"இரும்பு எது, மத்தது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றான் கடுகு.

காந்தம் கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "இதான் ஜட்ஜு. ஒட்டுச்சா, இரும்பு, மலிவு. ஒட்டலையா, உட்கார வச்சு விசாரி."

"எங்க வீட்டுலேயும் இதே கதைதான். ஒட்டிக்கிற சொந்தக்காரன் மலிவு, எட்டி நிக்கிறவனுக்குத்தான் நாற்காலி."

மேடம் சிரிக்கவில்லை. "காணாமப்போன கட்டியும் ஒட்டுச்சா?"

"சப்புன்னு ஒட்டுச்சு மேடம். இரும்புக் கட்டிங்க. ஐம்பது கிலோ. புகார்லேயே தெளிவா எழுதியிருக்கேனே."

"எங்கே வாங்கினது?"

"அது... முலாம் பூசுற பட்டறை ஒண்ணு. பட்டறைக்காரர் போய்ச் சேர்ந்துட்டாரு. அவரு சம்சாரம் எல்லாத்தையும் கழிச்சு விட்டாங்க." இதைச் சொல்லும்போது காந்தத்தின் கண் ஈயக் குவியலுக்குப் போய்விட்டது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

கட்டிகள் இருந்த இடத்தைக் காட்டினார். சுவரோரமாகச் சிமெண்டுத் தரை. வாசல் பூட்டு உடையவில்லை, சுவர் ஏறிக் குதித்த அடையாளமும் இல்லை. சுற்றிலும் பழைய பம்பு, ஜன்னல் கம்பி, ஒடிந்த அச்சு. மழைக்காலம் முழுக்க அங்கேயே நனைந்ததில் ஒவ்வொன்றின் அடியிலும் தரை வெற்றிலை துப்பினாற்போலச் சிவந்திருந்தது. கட்டிகள் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மேடம் குனிந்து அந்த இடத்தை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். சுத்தம். திருடன் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான் போல, நல்ல குடும்பத்துப் பையன் என்று கடுகு நினைத்துக்கொண்டான்.

"கட்டி இங்கே எவ்வளவு நாளா இருந்துச்சு?"

"மழைக்கு முன்னாடி வாங்கினது மேடம்."

"செம்புச் சுருள்?"

"திருடன் அவசரத்துல விட்டுட்டுப் போனது. இதே இடத்துல கிடந்துச்சு. போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சரியா ரெண்டு கிலோ, முதல் தரம்."

"தடயத்தை எடை போட்டுட்டுத்தான் போலீசுக்கே கொடுத்தீங்களா?" என்றான் கடுகு.

"பழக்கம்," என்றார் காந்தம், வெட்கமே இல்லாமல்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள். காந்தத்தின் மனைவி முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கடுகு தன் துப்பைக் கடை விரித்தான்.

"மேடம், கேஸ் முடிஞ்சுது. வயர்மேன் நிரபராதி. செம்பு என்ன விலைன்னு அவனுக்குத் தெரியாதா? கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுட்டு இரும்பைத் தூக்கிட்டுப் போக அவனுக்கென்ன கிறுக்கா? இது தொழில் தெரியாத எவனோ செஞ்ச வேலை."

"போனதைப் பத்தி எல்லாரும் பொய் சொல்லுவாங்க, கடுகு. விட்டுட்டுப் போனது பொய் சொல்லாது. கை தவறி விழுந்த சுருள் சரியா ரெண்டு கிலோ இருக்குமா? கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைச்சல் இருக்காதா?"

"இருக்கலாம்தான்..."

"பலகையில என்ன படிச்சே?"

"ஒரு கிலோ செம்புக்கு இருபத்தஞ்சு கிலோ இரும்பு. அப்ப ரெண்டு கிலோவுக்கு..." கடுகு நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏதோ திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். "ஐம்பது! அடப்பாவி! திருடன் செம்பை விட்டுட்டுப் போகல மேடம். விலை வச்சிட்டுப் போயிருக்கான்!"

"ம்."

"திருடுன இடத்துல விலை வச்சிட்டுப் போற திருடனை நான் கேள்விப்பட்டதே இல்ல. பில்லு மட்டும்தான் கேட்கல. யாரு மேடம் அவன்?"

"அந்த வீட்டுல தனக்குத் திருடன்னு பேரு வரக்கூடாதுன்னு நினைக்கிறவன்," என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எந்த வழக்கையும் சாயந்திரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே ஒரு கொள்கை உள்ளவர். முடிவு சரியா என்று பார்ப்பதை மற்றவர்களுக்கு விட்டுவிடுவார். அவர் மேஜை மேல் செம்புச் சுருள் கிடந்தது. கம்பிக் கதவுக்குப் பின்னால் வயர்மேன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாயைத் திறடா!" என்று அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேண்டா!"

அவன் சொல்லவில்லை. மேடமும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. மேஜையிலிருந்த சுருளை எடுத்தார், திருப்பினார், உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டாம் தரம்."

"என்ன மேடம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எரிச்ச கம்பி இது. எவனோ சோம்பேறிப் பய வயரை நெருப்புல போட்டுக் கொளுத்தியிருக்கான். கத்தி பிடிக்கவே தெரியாதவன் வேலை. இதுக்கு முழு விலை யாரும் தர மாட்டாங்க."

கடுகு சுருளைப் பார்த்தான். அது புது நகை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மேடத்துக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அவனுக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது.

"எரிச்சதா?" கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். வயர்மேன் எழுந்து நின்றிருந்தான். "நல்லாப் பாருங்க மேடம்! ஒவ்வொரு கம்பியா உட்கார்ந்து உரிச்சிருக்கேன். ஒரு கருப்பு காட்டுங்க, ஒரே ஒரு கீறல் காட்டுங்க, நான் தொழிலையே விட்டுடறேன்! ரெண்டாம் தரமாம், ரெண்டாம் தரம்! எங்க மாமாவே இதுல குத்தம் சொல்ல முடியாது!"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடினார். வயர்மேன் மெதுவாக வாயைக் கையால் பொத்திக்கொண்டான். ரொம்ப லேட்.

அக்காக்காரி மேடத்தின் மேல் பாய்ந்தாள். "அவனைக் காப்பாத்தத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்? இப்படி மாட்டி விட்டுட்டீங்களே! நீங்களெல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க," என்றார் மேடம். "எடுத்தது உங்க தம்பிதான். அதை மாத்த முடியாது. ஏன் எடுத்தாருங்கிறதை அவரே சொல்லட்டும். தம்பி, அந்தக் கட்டி மழைக்காலம் பூரா நனைஞ்சும் தரையில ஒரு பொட்டு துரு விடல. காந்தத்துல ஒட்டும், ஆனா துருப்பிடிக்காது. முலாம் பட்டறையில தொட்டிக்குள்ள தொங்கவிடற கட்டி. அது இரும்பு இல்ல, நிக்கல். சரிதானே?"

வயர்மேன் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான்.

"செம்பை விட அதிக விலைங்க அது. எனக்கும் அப்பத் தெரியாது. அந்தப் பட்டறையில வயரிங் பண்ணினவன் நான். பழசையெல்லாம் கழிக்கணும்னு அந்த அம்மா கேட்டப்ப, நான்தான் மாமாவைக் கூட்டிட்டுப் போனேன். 'எங்க மாமாங்க, ஏமாத்த மாட்டாரு'ன்னு என் வாயாலேயே சொன்னேன். அவரு காந்தத்தை ஒட்டிக் காட்டி, 'பாருங்கம்மா, இரும்பு'ன்னு எடுத்துட்டாரு. போன வாரம் வேற ஒரு பட்டறையில வேலை. அங்கே இதே கட்டியைப் பீரோவுல வச்சுப் பூட்டுறாங்க. அப்பத்தான் விஷயமே தெரிஞ்சுது."

"மாமாகிட்ட கேட்டியாடா?" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கியிருந்தது.

"கேட்டேன்க்கா. சிரிச்சாரு. 'காந்தம் ஒட்டுச்சுல்ல? அப்ப இரும்புதான். இரும்பு விலைக்கு எவன் வந்து கேட்டாலும் அள்ளிட்டுப் போகட்டும்'னாரு. சரின்னு வந்துட்டேன். கையில காசு இல்ல. வேலையில மிஞ்சின துண்டு வயர் என்கிட்ட இருந்துச்சு. உரிச்சு, உங்க வீட்டுல மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கடையைத் திறந்து, எடை போட்டு வச்சுட்டு, கட்டியைக் கொண்டு போய் அந்த அம்மா வீட்டுல சேர்த்துட்டேன்."

"இதை நேத்தே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்றாள் அவள்.

"சொன்னா போலீஸ் போய் அந்த அம்மா வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்துடும். அதுவுமில்லாம..." அவன் அக்காவைப் பார்க்காமல் சொன்னான். "உனக்கும் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நீ எப்படிக்கா அந்த வீட்டுல சோறு சாப்பிடுவே?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தம்பி திருடன் என்றபோது வந்த அழுகை, புருஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தபோது வரவில்லை. அவளைப் பார்க்கக் கடுகுக்குச் சங்கடமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், எல்லாம் சரி. ஆனா சொல்லாம எடுத்தது தப்புதானே? நான் கேஸை எப்படி முடிக்கிறது?"

"முதலாளியைக் கூப்பிடுங்க. அவரே முடிச்சுக் கொடுப்பாரு," என்றார் மேடம்.

காந்தம் வந்தார். நிலவரம் என்னவென்று அவருக்குத் தெரியாது. மைத்துனன் ஒப்புக்கொண்டான் என்று மட்டும் ஒரு கான்ஸ்டபிள் வழியில் சொல்லியிருந்தார். வெற்றி வீரர் மாதிரி உள்ளே நுழைந்தார்.

"என் கட்டி எங்கே?"

"பத்திரமா இருக்கு," என்றார் மேடம். "ஒரே ஒரு சின்னச் சந்தேகம். நீங்க சொல்லிட்டா கேஸ் முடிஞ்சுது. அந்தக் கட்டி இரும்பா, நிக்கலா?"

காந்தத்தின் முகத்தில் இருந்த களை அப்படியே வழிந்து போய்விட்டது.

"இரும்புன்னா, உங்க புகார் சரி. ஆனா அதுக்கான விலை இதோ மேஜை மேல இருக்கு. உங்க பலகை ரேட்டு, உங்க எடை, முதல் தரம்னு உங்க வாயாலேயே சொன்னீங்க. இரும்பு விலைக்கு யார் வேணும்னாலும் அள்ளிட்டுப் போகலாம்னும் நீங்கதான் சொன்னீங்க. அப்ப நடந்தது திருட்டு இல்ல, வியாபாரம். புகாரை வாபஸ் வாங்கிடுங்க."

"ஆனா மேடம்..."

"நிக்கல்னா, புகாரைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதணும். நிக்கலை என்ன விலைக்கு வாங்கினீங்க, என்னன்னு சொல்லி வாங்கினீங்கன்னு இன்ஸ்பெக்டர் கேட்பாரு. அந்த அம்மாவையும் கூப்பிட்டுக் கேட்பாரு."

"இப்பவே கேட்கத் தயார்," என்றார் இன்ஸ்பெக்டர். சாயந்திரத்துக்குள் ஏதோ ஒன்று முடிந்துவிடும் என்பதில் அவருக்கு உற்சாகம் வந்திருந்தது.

காந்தம் மேடத்தைப் பார்த்தார். சுருளைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். மனைவி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"அவசரமே இல்ல முதலாளி," என்றான் கடுகு. "நிதானமா யோசிங்க. ஒரு பக்கம் நஷ்டம், ஒரு பக்கம் லாக்கப்பு. நடுவுல ஒரு தரம் இருந்தா சொல்லுங்க, எழுதிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் காந்தம் பட்ட பாட்டைப் பார்த்தால், மயக்க மருந்து கொடுக்காமல் பல் பிடுங்குகிறார்கள் என்றே தோன்றும்.

"இரும்பு," என்றார். "இரும்புதான்."

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

போட்டார். கம்பிக் கதவு திறந்தது. வெளியே வந்த தம்பியின் முதுகில் அக்கா பளாரென்று ஓர் அடி வைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை அழுகை தாராளமாக வந்தது.

காந்தம் செம்புச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மெல்லச் சிரிக்கப் பார்த்தார். "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. நம்ம பையன்தானே. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் நகரவில்லை.

"நீங்க போங்க. போற வழியிலதான் பட்டறை அம்மா வீடு இருக்கு. உள்ளே போங்க. 'அது நிக்கல்தாம்மா, தெரிஞ்சேதான் இரும்பு விலைக்கு எடுத்தேன்'னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வாங்க. சொன்ன பிறகு நான் வீட்டுக்கு வரேன். அதுவரைக்கும் தம்பி வீட்டுல இருக்கேன்."

காந்தம் திகைத்துப்போய் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "ஐயா, இங்கே இரும்புன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அங்கே போய் நிக்கல்னு சொன்னா... எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"பொண்டாட்டி சொல்லிக் கொடுக்கிற வாக்குமூலத்தை நாங்க பதியறதில்ல," என்று இன்ஸ்பெக்டர் கோப்பைக் கட்டினார்.

காந்தம் மெதுவாக வெளியே வந்து படியில் நின்றார். மனைவியும் தம்பியும் பின்னாலேயே வந்தார்கள். கடுகு கதவோரம் சாய்ந்துகொண்டான். இதைப் பார்க்காமல் போனால் அவனுக்குத் தூக்கம் வராது.

"இப்ப இங்கே ஒரு தடவை சொல்லிப் பாருங்க," என்றாள் அவள்.

காந்தம் தெருவைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"நிக்கல்தாம்மா... தெரிஞ்சேதான்..."

"அந்த அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றாள் அவள். "இன்னும் சத்தமா."

காந்தம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துவிட்டு உரக்கச் சொன்னார். தெருவில் போய்க்கொண்டிருந்த கடைவீதிக்காரர்கள் இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.